மருந்து கேட்காத பிள்ளை

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில், காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், ஆஸ்துமாவுக்கு வாயில் வைத்து இழுக்கும் இரண்டு பம்ப் இருக்கும். ஒன்றில் பெரியவள் பெயரும் இன்னொன்றில் சின்னவன் பெயரும் வெள்ளை பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருக்கும். இரண்டிலும் இருந்தது ஒரே மருந்து: மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டும், குழாயை 12 மணி நேரம் விரித்து வைக்கும் சால்மெட்டராலும் சேர்ந்தது. ஒரே டாக்டர் எழுதியது, ஒரே கடையில் வாங்கியது. காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் ஒரு தடவை, இரவு பல் தேய்க்குமுன் ஒரு தடவை. பெரியவளுக்கு இரண்டே மாதத்தில் கேட்டது. படியேறினால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பெண் பள்ளிக்கூடத்தில் கபடி அணியில் சேர்ந்தாள். சின்னவனுக்குக் கேட்கவில்லை. 2022 மழைக்காலம் தொடங்கி அடுத்த தை முடிவதற்குள் மருந்தைப் புகைபோல முகமூடி வழியாகக் கொடுக்கும் நெபு வைக்க நான்கு முறை ஓடினோம். அதில் ஒரு முறை இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியிலேயே தங்கினோம். அப்போது அவனுக்கு எட்டு வயது.

“மருந்து கேக்கலை” என்று நாம் எத்தனை சுலபமாகச் சொல்கிறோம்! காய்ச்சல் மாத்திரைக்குக் கேட்கவில்லை, இருமல் கஷாயத்துக்குக் கேட்கவில்லை. யாருக்கு யார் கேட்கவில்லை என்று அந்த வாக்கியத்தில் தெளிவாக இருக்காது. அதனால் யார்மீதும் பழியும் விழாது. ஆனால் அதே வினைச்சொல்லைத்தான் பிள்ளைகள் விஷயத்திலும் பயன்படுத்துகிறோம். சொல்பேச்சு கேட்காத பிள்ளை. எங்கள் வீட்டில் அந்த ஒன்றரை வருடத்தில் இரண்டும் எப்படியோ ஒன்றாகிவிட்டன. மருந்து கேட்கவில்லை என்றால் பையன் கேட்கவில்லை என்று அர்த்தமாகிவிட்டது. “அக்காவுக்குக் கேக்குதல்ல, உனக்கு மட்டும் ஏன் கேக்கலை? நீ சரியா இழுக்கறதில்ல.” இதை நான் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல.

சொன்னது நான் மட்டும் இல்லை. அப்போது பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஒவ்வொரு முறையும் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மருந்து சரியாத்தான் எழுதியிருக்கு. வீட்ல ஒழுங்காப் போட மாட்டேங்கறீங்க” என்பார். என் கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. தலைமுடியிலும் காது மடலிலும் பஞ்சுத்தூசி படிந்துதான் வீட்டுக்கு வருவார். அந்தத் தூசிதான் காரணமோ என்று பயந்து, கிணற்றடியிலேயே குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் பையனைத் தொடுவார். அத்தை தூதுவளை ரசம் வைத்தார். கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து கொடுத்தார். வீட்டில் எல்லோரும் ஏதோ ஒன்றை மாற்றிக்கொண்டே இருந்தோம், அந்தப் பம்பை மட்டும் மாற்றவில்லை. அதைத்தான் ‘சரியாக எழுதியிருக்கிறது’ என்று சொல்லிவிட்டார்களே.

இளைப்பு வரும் ராத்திரிகளைப் பற்றி அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொண்டைக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விரல் அளவு உள்ளே போகும். விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் இழுபடும். நான் அவன் முதுகில் கை வைத்தால் உள்ளே பூனைக்குட்டி கத்துவது போலக் கையில் அதிரும். அப்படி ஒரு ராத்திரியில், 2023 தீபாவளி முடிந்த மறுநாள், இளைப்பு வந்தால் உடனே கொடுக்கும் நீல பம்பை நான்கு தடவை கொடுத்தும் அடங்காமல் ஆட்டோவுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது, அவன் இரண்டிரண்டு சொல்லாக, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: “அம்மா... இன்னிக்கு நான்... சரியாத்தான்... இழுத்தேன்.” மூச்சுக்குத் திணறும்போதும் அவனுக்கு அதைச் சொல்லியாக வேண்டியிருந்தது. அந்த வாக்கியம்தான் என்னை இன்றுவரை விடவில்லை.

“நீ செஞ்சு காட்டு சாமி”

ஒரு வாரம் கழித்துக் கோயம்புத்தூரில் குழந்தைகளுக்கான நுரையீரல் டாக்டர் ஒருவரைப் பார்க்கப் போனோம். பள்ளி விடுமுறை என்பதால் பெரியவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அத்தையும் வந்திருந்தார். டாக்டரம்மா பழைய சீட்டை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். “அதை அப்புறம் பாக்கலாம். ரெண்டு பேரும் வீட்ல எப்படிப் போடறீங்களோ அப்படியே போட்டுக் காட்டுங்க” என்றார்.

பெரியவள் முதலில். பம்பைக் குலுக்காமல், பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் கூடான ஸ்பேசரில் செருகினாள். பட் பட்டென்று இரண்டு அழுத்து. வேகமாக ஒரே இழுப்பு. ஸ்பேசர் ‘வீச்’ என்று விசில் அடித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மொத்தம் நாலு வினாடி இருக்கும். பிறகு சின்னவன். பம்பைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினான், உள்ளே சத்தம் கேட்கிறதா என்று சோதிப்பவன் போல. நிமிர்ந்து உட்கார்ந்தான். மூச்சை வெளியே விட்டான். ஸ்பேசரின் வாயைப் பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டை மூடி, ஒரே ஒரு அழுத்து. மெதுவாக இழுத்தான், விசில் வரவில்லை. இடது கையில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே பத்து வரை பிடித்தான். விட்டான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடம் காத்திருந்தான். மறுபடி குலுக்கி, மறுபடி முதலிலிருந்து. முடித்ததும் “வாய் கொப்புளிக்கத் தண்ணி எங்க இருக்குங்க?” என்று கேட்டான்.

டாக்டரம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவன் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “எங்க ட்ரெயினிங்ல வர்றவங்களுக்கு உன்னை வெச்சுத்தான் சொல்லிக் கொடுக்கணும் சாமி. நீ ஒரு தப்பும் பண்ணல” என்றார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் வெற்றி இல்லை, கோபமும் இல்லை. ஒரு கணக்கு சரியா என்று ஆசிரியரிடம் மறுபடி கேட்கும் பிள்ளையின் முகம். நான் தலையாட்டினேன். அதற்கு மேல் அங்கே என்னால் உட்கார முடியவில்லை. பெரியவளின் பையைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

எங்கள் பக்கம் ஒரு தவறு இருந்தது. ஸ்பேசரைக் கழுவியதும் அத்தை முந்தானையால் உள்ளே வெளியே பளபளவென்று துடைத்து வைப்பார். பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்துத் துளிகள் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தானாகக் காயவிட வேண்டும். ஆனால் இரண்டு ஸ்பேசரையும் ஒரே முந்தானைதான் துடைத்தது. இருவருக்குள் இருந்த வித்தியாசத்தை அது விளக்கவில்லை. தப்பாகப் போட்டவளுக்குக் கேட்டது. சரியாகப் போட்டவனுக்குக் கேட்கவில்லை. அத்தைதான் வாய்விட்டுக் கேட்டார்: “அப்ப அவன் உடம்புவாகே அப்படீங்களா?” டாக்டரம்மா சிரிக்காமல் பதில் சொன்னார். “ஆமாங்கம்மா, அப்படியும் இருக்கலாம். நீங்க உடம்புவாகுன்னு சொல்றதைத்தான் ஸ்காட்லாந்துல ரொம்ப வருஷமா ஜீன்ல தேடிட்டு இருக்காங்க.”

பதினாறாவது மணி

அன்று ராத்திரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பிளஸ் டூவில் உயிரியல் படித்தது கொஞ்சம் கைகொடுத்தது. சால்மெட்டராலும் நீல பம்பில் இருக்கும் சால்பியூட்டமாலும் போய் உட்காரும் இடத்துக்குப் பீட்டா-2 ஏற்பி என்று பெயர். மூச்சுக்குழாயைச் சுற்றி வளையமாக இருக்கும் தசையின் செல்களில் அது பதிந்திருக்கிறது. மருந்து வந்து தொட்டதும், தசையைத் தளர விடு என்று செல்லுக்குள் சேதி அனுப்புவது அதன் வேலை. மருந்தைக் கேட்கும் காது என்றே எனக்குப் புரிந்தது. அந்த ஏற்பி 413 அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த ஒரு புரதம். அதைச் செய்யச் சொல்லும் மரபணுவின் பெயர் ஏடிஆர்பி2. ஐந்தாவது குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சிலருக்கு ஏ என்ற டிஎன்ஏ எழுத்து, சிலருக்கு ஜி. ஏ இருந்தால் மாலையின் பதினாறாவது மணி ஆர்ஜினின்; ஜி இருந்தால் கிளைசின். அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி என்பதால் ஒவ்வொருவருக்கும் இரண்டு கிளைசினோ, இரண்டு ஆர்ஜினினோ, ஒவ்வொன்றில் ஒன்றோ இருக்கலாம். பிரிட்டனில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய ஏழில் ஒன்றுக்கு இரண்டும் ஆர்ஜினின்.

ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் சோம்நாத் முகோபாத்யாய், காலின் பால்மர் ஆகியோரின் குழு டேசைடு வட்டாரத்துப் பிள்ளைகளிடம் இந்த ஒரு எழுத்தைத் தேடிப் பார்த்தது. 2006இல் வந்த முதல் கட்டுரையில் 546 குழந்தைகளும் இளைஞர்களும். தினமும் சால்மெட்டரால் எடுத்துக்கொண்டவர்களில், இரண்டு பிரதியும் ஆர்ஜினினாக இருந்தவர்களுக்கு நோய் முற்றிச் சிகிச்சை தேவைப்பட்டது அதிகம். தினமும் விடாமல் தூண்டப்படும் ஏற்பி செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே போய்விடும் என்பது தெரிந்த விஷயம். இந்த வகைப் பிள்ளைகளில் அது கூடுதலாக நடக்கலாம், அதனால் மருந்து பலனில்லாமல் போகலாம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். பத்து வருடம் கழித்து, 2016இல், ஐந்து ஆய்வுகளின் 4,226 குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஸ்டீராய்டோடு சால்மெட்டரால் வகை மருந்தும் எடுக்கும் குழந்தைகளில், ஒவ்வொரு ஆர்ஜினின் பிரதிக்கும் நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடியது. ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை.

இந்தக் கடைசி வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன்! ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களிடம் இல்லை. அதாவது அந்த எழுத்து பிள்ளையை நோயாளி ஆக்கவில்லை. குறிப்பிட்ட ஒரு மருந்தோடு சேரும்போதுதான் வெளியே தெரிகிறது. ஆஸ்துமா யாருக்கு வரும் என்று சொல்லும் மரபணுக்கள் வேறு. 2007இல் கண்டுபிடித்த 17ஆவது குரோமோசோம் பகுதி அப்படிப்பட்டது. சின்ன வயதில் சளி வைரஸோடு இளைப்பு வரும் குழந்தைகளிடம் அதன் கை பலமாக இருக்கிறது. அது பரம்பரைக் கதை. எங்கள் வீட்டில் அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். என் கணவர் எனக்குச் சொந்த அத்தை மகன். அத்தை, என் அப்பாவின் கூடப் பிறந்தவர். அவருடைய அப்பா, அதாவது என் அப்பாரு, மார்கழி முழுக்கத் திண்ணையில் முட்டியைக் கட்டிக்கொண்டு இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளுக்கு வந்தபோது “அப்பாரு சொத்து” என்றுதான் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். வந்துவிட்ட இழுப்பு எந்த மருந்துக்குக் கேட்கும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. அந்த இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சொந்தத்தில் கட்டியதால் பிள்ளைகள் ஒன்றுபோல் இருப்பார்கள் என்பதும் இல்லை. எனக்கும் அவருக்கும் ஏ ஒன்று, ஜி ஒன்று என்று இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகத்தான் சீட்டு விழும். மூத்தவளுக்கு இரண்டு ஜியும் இளையவனுக்கு இரண்டு ஏயும் விழ ஒரு தடையும் இல்லை.

தாளில் எது வந்தாலும்

பெங்களூரில் இருக்கும் என் தம்பி எச்சிலை அனுப்பினால் மரபணு அறிக்கை தரும் ஒரு நிறுவனத்தின் இணைப்பை அனுப்பியிருந்தான். அடுத்த முறை கோயம்புத்தூர் போனபோது அதைக் காட்டி, “எடுத்துரலாங்களா?” என்று கேட்டேன். கிட்டத்தட்டக் கெஞ்சினேன். டாக்டரம்மா சொன்ன பதில் அப்படியே நினைவிருக்கிறது. “எடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா தாள்ல எது வந்தாலும் நான் மருந்தை மாத்தி மாத்தி ஒண்ணொண்ணாப் போட்டுப் பாக்கத்தான் போறேன். முடிவை மாத்தாத டெஸ்ட்டுக்கு எதுக்கும்மா காசு?”

அவர் காரணமும் சொன்னார். டண்டீ குழு 2013இல் ஒரு சிறிய சோதனை நடத்தியது. இரண்டு பிரதியும் ஆர்ஜினினாக இருந்த 62 பிள்ளைகளை மட்டும் எடுத்து, ஸ்டீராய்டோடு பாதிப் பேருக்குச் சால்மெட்டரால், பாதிப் பேருக்கு மான்டிலூகாஸ்ட் என்ற ஆஸ்துமா மாத்திரை என்று ஒரு வருடம் கொடுத்தார்கள். மாத்திரை எடுத்தவர்கள் பள்ளிக்கு லீவு போட்டது குறைந்தது, நாளாந்த வாழ்க்கையும் மேம்பட்டது. அதைப் பார்த்தால் இன்றே எச்சிலை அனுப்பத் தோன்றும். ஆனால் அதற்குப் பிறகு, முகோபாத்யாய் பிரைட்டனுக்கு வந்தபின், இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 12 முதல் 18 வயதுள்ள 241 பேரிடம் இதையே முறையாகச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு எழுத்தைப் பார்த்து மருந்து. 2021இல் முடிவு வந்தது. எழுத்தைப் பார்த்துக் கொடுத்தவர்களுக்கு முன்னேற்றம் இருந்தது; ஆனால் சிறியது. இரண்டு ஆர்ஜினின் உள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும் அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஸ்டீராய்டு யாருக்குக் கேட்கும் என்று சொல்ல 2011இல் பாஸ்டனிலிருந்து ஒரு மரபணுவைப் பெரிதாகப் பேசினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் அது ஒரே மாதிரி நிலைக்கவில்லை. ஒரு எழுத்து எல்லாவற்றையும் தீர்மானிக்காது. வைரஸ், தூசி, புகை, வயது, பக்கத்தில் இருக்கும் நூறு மரபணுக்கள் எல்லாம் சேர்ந்துதான் ஒரு மூச்சு.

சால்மெட்டரால் கெட்ட மருந்து என்றும் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 4 முதல் 11 வயது வரையுள்ள 6,208 குழந்தைகளிடம் நடந்த சோதனை 2016இல் வெளியானது. ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கும்போது கடுமையான ஆபத்து எதையும் அது கூட்டவில்லை. என் மகளே அதற்குச் சாட்சி. இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பிள்ளையின் பம்பை நிறுத்திவிடக் கூடாது. அதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பம்ப் போட்டால் பழகிவிடும் என்று பயந்து சிரப்பை மட்டும் ஊற்றிக்கொண்டிருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. இழுக்கும் ஸ்டீராய்டுதான் அஸ்திவாரம். அதன்மேல் எதை அடுக்குவது என்பதில்தான் பிள்ளைக்குப் பிள்ளை மாறுகிறது.

அந்த அடுக்கைப் பற்றித்தான் டாக்டரம்மா எனக்கு ஒரு படம் வரைந்து காட்டினார். அமெரிக்காவில் 2010இல் வெளியான பேட்ஜர் என்ற ஆய்வு. குறைந்த அளவு ஸ்டீராய்டில் அடங்காத, 6 முதல் 17 வயது வரையுள்ள 182 பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் மூன்று வழியையும் மாற்றி மாற்றிப் பார்த்தது: ஸ்டீராய்டைக் கூட்டுவது, சால்மெட்டரால் சேர்ப்பது, மான்டிலூகாஸ்ட் சேர்ப்பது. ஒவ்வொன்றுக்கும் 16 வாரம், மொத்தம் 48 வாரம். சராசரியாக ஜெயித்தது சால்மெட்டரால்தான். ஆனால் கணக்கில் எடுத்துக்கொண்ட 165 பேரில் 161 பேருக்கு மூன்றும் ஒன்றுபோல் இல்லை. ஏதோ ஒன்று மற்றதைவிட நன்றாகக் கேட்டது. கணிசமான பிள்ளைகளுக்கு அந்த ஒன்று, சராசரியில் ஜெயித்த மருந்து இல்லை. “உங்க பழைய டாக்டர் எழுதினது தப்பில்லம்மா. நூறு பிள்ளைக்கு முதல்ல எழுத வேண்டியதைத்தான் எழுதியிருக்காரு. உங்க பையன் நூறு பிள்ளை இல்ல, ஒரு பிள்ளை. அதை நாம இப்ப பாக்கலாம்.”

நோட்டுப் புத்தகம்

ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கச் சொன்னார். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பிளாஸ்டிக் குழாய்; ஊதினால் சிவப்பு முள் நகரும், எண் கூடினால் நல்லது. காலையும் மாலையும் மூன்று ஊது, அதில் பெரியதை எழுத வேண்டும். இருமல் உண்டா, ராத்திரி எழுந்தானா, நீல பம்ப் எத்தனை, பள்ளிக்கூடம் போனானா என்று நான்கு கட்டம். நோட்டில் கோடு போட்டது சின்னவன்தான். ஸ்பேசர் விஷயத்தைச் சரிசெய்தபின் பழைய மருந்துக்கே நியாயமாக ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று முதல் எட்டு வாரம் சால்மெட்டரால் கலந்த பம்பையே தொடர்ந்தோம். 160, 165, 170. அந்த எட்டு வாரத்தில் நீல பம்ப் எடுக்காத ராத்திரிகளை நோட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம். பிறகு ஸ்டீராய்டு மட்டும் உள்ள பம்பும், கூட மான்டிலூகாஸ்ட் மாத்திரையும். இரண்டாவது வாரமே 190, பிறகு 200. நான் குலதெய்வத்துக்கு முடிந்து வைத்தேன். ஆனால் டாக்டரம்மா ஒன்றை முன்பே எச்சரித்திருந்தார். இந்த மாத்திரை சில பிள்ளைகளின் தூக்கத்தையும் மனதையும் கெடுக்கும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடச் சொன்னது அதனால்தான். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி அவன் எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்து அலறினான். என்னைத் தெரியவில்லை. கையைத் தட்டிவிட்டான். மறுநாளும் அப்படியே. நெஞ்சில் விசில் இல்லை, மூச்சு சுத்தமாக இருந்தது, பிள்ளைதான் அவனாக இல்லை. போன் செய்தேன், அன்றோடு மாத்திரையை நிறுத்தினார். நான்கைந்து நாளில் பழையபடி தூங்கினான்.

மூன்றாவது வழி, ஸ்டீராய்டின் அளவை மட்டும் கூட்டுவது. உயரம் குறையுமோ என்று அத்தை கேட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து எழுதுவோம் என்று டாக்டரம்மா சொன்னார், எழுதிக்கொண்டும் வருகிறோம். மாசியில் தொடங்கி வைகாசிக்குள் 210ஐத் தொட்டான். மருந்தா, பனி போனதா என்று எனக்குச் சந்தேகம். அவருக்கும் இருந்தது. “அடுத்த மார்கழி சொல்லும்” என்றார். அடுத்த மழைக்கும் பனிக்கும் ஒரே ஒரு முறை நெபு வைத்தோம். அது 2024 தீபாவளி ராத்திரி.

அவனுடைய பதினாறாவது மணி எது என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அது தெரிந்திருந்தால் என்ற எண்ணம் போகவில்லை. ஒன்றரை வருடமும், ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரியும், “சரியாத்தான் இழுத்தேன்” என்ற அந்த வாக்கியமும். முதல் சீட்டு எழுதும் நாளிலேயே ஒரு சொட்டு எச்சிலைப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு இந்த வழி தோற்க வாய்ப்பு அதிகம், இரண்டு மாதத்தில் கேட்காவிட்டால் உடனே மாற்று என்று ஒரு குறிப்பு இருந்திருந்தால் போதும். தீர்ப்பாக வேண்டாம், அந்தக் குறிப்பாக இருந்தால் போதும். குழந்தையைச் சந்தேகிப்பதற்கு முன்னால் மருந்தைச் சந்தேகிக்க டாக்டருக்கும் தாய்க்கும் அது ஓர் அனுமதி கொடுத்திருக்கும்.

அந்தக் குறிப்பு நம் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்க வேண்டுமானால் நம் பிள்ளைகளிடம் தேடியிருக்க வேண்டும். மேலே சொன்ன 4,226 குழந்தைகளும் வெள்ளையர் அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். லத்தீன் என்ற அந்தப் பெயருக்குள்ளேயே எத்தனை வித்தியாசம்! அமெரிக்காவில் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளிக் குழந்தைகளுக்குத்தான் ஆஸ்துமா மிக அதிகம். மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்கு மிகக் குறைவு. படிவத்தில் இருவருக்கும் ஒரே கட்டம். சான் பிரான்சிஸ்கோவில் எஸ்தபான் கொன்சாலஸ் புர்சார்டின் குழு பல வருடமாக இதைத் துருவுகிறது. சாதாரண நீல பம்ப் மருந்தே புவேர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் குறைவாகத்தான் கேட்கிறது என்று கண்டார்கள். 2018இல் 1,441 பிள்ளைகளின் முழு மரபணுத்தொகுப்பையும் படித்து, நன்றாகக் கேட்கும் பிள்ளைகளையும் கேட்காத பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நோய் மிக அதிகமாகத் தாக்கும் பிள்ளைகளுக்கே உயிர்காக்கும் மருந்து குறைவாகக் கேட்கிறது. அந்த வரியைப் படித்தபோது, பெயர் தெரியாத எத்தனை அம்மாக்கள் “நீ சரியா இழுக்கலை” என்று அவர்கள் மொழியில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நம்மைத் ‘தெற்காசியர்’ என்று ஒரே கட்டத்தில் போட்டால் அதே தவறுதான் நடக்கும். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி, சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டு எத்தனையோ தலைமுறையாகத் தனித்தனிக் குளங்களாக வாழ்ந்தவர்கள் நாம். ஒரு குளத்தில் அரிதான எழுத்து அடுத்த குளத்தில் சாதாரணமாக இருக்கும். இந்தியாவில் பல்வேறு சமூகங்களைச் சேர்ந்த 10,000 பேரின் மரபணுத்தொகுப்பைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகளை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஃபரிதாபாத் தரவு மையத்தில் இருக்கிறது. செய்தியில் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஆனால் அதில் எழுத்துகள்தான் இருக்கின்றன. ராத்திரி யார் இருமினார்கள் என்பது இருக்காது. அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் இப்படிப்பட்ட நோட்டுப் புத்தகங்களும் வேண்டும், ஆயிரக்கணக்கில். நம் பக்கம் யாராவது அப்படி ஓர் ஆய்வு தொடங்கினால், கோடு போட்ட அந்த நோட்டையும் எங்கள் நான்கு பேரின் எச்சிலையும் கொண்டுபோய்க் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். இதைச் சின்னவனிடமும் கேட்டுவிட்டேன். அவன் சம்மதித்துவிட்டான், நோட்டை மட்டும் திருப்பித் தர வேண்டும் என்றான்.

பெரியவள் விஷயம் சொல்ல விட்டுப்போனது. அவள் மருந்தில் பாதி வாய்க்குள்ளேயே தங்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்ததும், சரியாக இழுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் அளவைக் குறைத்துவிட்டார் டாக்டரம்மா. கற்றுக்கொடுத்தது வீட்டில்தான். காலையில் ஏழு மணிக்குத் திண்ணையில் இருவரும் உட்காருவார்கள். கழுவிய ஸ்பேசர் இரண்டும் கொடியில் கவ்வி போட்டுக் காய்ந்திருக்கும். அத்தை அந்தப் பக்கமே போவதில்லை. அவள் அவசரமாக அழுத்தப் போனால் சின்னவன் கையைப் பிடித்துக்கொள்வான்.

“குலுக்கு முதல்ல. விசில் வந்தா மறுபடி செய்யணும். மெதுவா இழு அக்கா... பிடி. ஒண்ணு... ரெண்டு... மூணு...”